பக்கத்து ஊரில் பெட்ரோல் ஏன் மலிவு? மளிகை வணிகருக்கு ஒரு கணக்கு



நன்னிலம் பக்கத்திலிருந்து மாதம் இரண்டு முறை எங்கள் மொத்தக் கடைக்கு வந்து சரக்கு எடுக்கும் சில்லரை வணிகர் ஒருவர், சென்ற முறை சிட்டைக்குப் பணம் கட்டிய பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "என்ன தம்பி, கணக்கில் ஏதும் பிசகா?" என்று கேட்டோம்.

"கணக்கில் பிசகு இல்லைங்க ஐயா. எங்க ஊர்லேருந்து கொஞ்ச தூரம் போனா காரைக்கால். அங்கே பெட்ரோல் லிட்டருக்கு ஆறு ரூபா வரைக்கும் கம்மி. ஜனங்க வண்டிக்குப் பெட்ரோல் போடப் போறாங்க. போன இடத்திலேயே பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் வாங்கிக்கிட்டு வந்துடறாங்க. பெட்ரோல் விலைக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

அவருக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். அதன் பிறகு பழைய பேரேடுகளைப் புரட்டி, விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் டெல்டாவில் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது உபயோகப்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இரண்டு வகை வித்தியாசம்

தஞ்சாவூரில் ஒரு விலை, கும்பகோணத்தில் ஒரு விலை, நாகப்பட்டினத்தில் ஒரு விலை என்று பங்க் பலகையில் பார்க்கிறோம். இவற்றுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் பைசாவில் இருக்கும். ஆனால் நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் காரைக்கால் எல்லைக்குள் நுழைந்தால் வித்தியாசம் ரூபாயில் இருக்கிறது. பைசா வித்தியாசத்துக்குக் காரணம் வண்டிச் சத்தம். ரூபாய் வித்தியாசத்துக்குக் காரணம் வரி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பங்க் முதலாளி மேல் வீண் கோபம் வருகிறது.

பங்க் முதலாளி விலை வைப்பதில்லை. அவரும் நம்மைப் போல ஒரு வணிகர்தான். லிட்டருக்கு இவ்வளவு என்று எண்ணெய்க் கம்பெனி கொடுக்கும் கமிஷன் மட்டுமே அவருக்கு. பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பை மத்திய அரசு 2010 ஜூன் மாதத்தில் எண்ணெய்க் கம்பெனிகளிடம் விட்டது. டீசலுக்கு 2014 அக்டோபரில் விட்டது. முன்பு மாதம் இரண்டு முறை மாறிக்கொண்டிருந்த விலை, 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு மாறும் என்று ஆயிற்று. அதற்கு முன்னோட்டமாக 2017 மே முதல் தேதி ஐந்து நகரங்களில் செய்து பார்த்தார்கள். அந்த ஐந்தில் புதுச்சேரியும் ஒன்று. காலையில் கம்பெனி சொல்லும் விலையைத்தான் பங்க்காரர் பலகையில் போடுகிறார்.

வண்டிச் சத்தம்

சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் பூமிக்கடியில் பெட்ரோல், டீசல் குழாய் 2005ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. குழாயில் வரும் சரக்கு டெப்போவில் இறங்கி, அங்கிருந்து டேங்கர் லாரியில் ஒவ்வொரு பங்க்குக்கும் போகிறது. டெப்போவுக்குத் தூரமான ஊரில் விலை சற்றுக் கூடுவது இதனால்தான்.

உதாரணத்துக்கு, 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் ஒன்று திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 140 கிலோ மீட்டர். போக வர 280. லிட்டருக்கு 4 கிலோ மீட்டர் ஓடினால் 70 லிட்டர் டீசல். லிட்டர் 93 ரூபாய் என்றால் 6,510 ரூபாய். இதை 12,000 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 54 பைசா. அதே டேங்கர் தஞ்சாவூரோடு நின்றுவிட்டால் போக வர சுமார் 114 கிலோ மீட்டர்தான். லிட்டருக்கு 22 பைசா. ஆக, டீசல் செலவு ஒன்றிலேயே தஞ்சைக்கும் நாகைக்கும் 32 பைசா வித்தியாசம் வந்துவிடுகிறது. டிரைவர் பேட்டா, டயர் தேய்மானம், வண்டிக்காரர் வாடகை எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். இந்தச் சத்தத்தின் மீதும் சதவீத வரி ஏறுவதால், 50 பைசா சத்தம் என்பது பலகையில் 56 பைசாவாக வந்து நிற்கிறது.

ஒரே ஊரில் இரண்டு கம்பெனி பங்க்குகளுக்குள் சில பைசா வித்தியாசம் இருப்பதற்கும் இதுபோன்ற காரணமே. ஒவ்வொரு கம்பெனிக்கும் டெப்போ வேறு, தூரம் வேறு.

இங்கே ஒரு கேள்வி எழலாம். "நம் நரிமணத்தில்தானே எண்ணெய் எடுக்கிறார்கள்? நாகூர் அருகே பனங்குடியில் 1993 முதல் சுத்திகரிப்பு ஆலையும் இருந்ததே? பிறகு ஏன் சென்னையை விட நமக்கு விலை அதிகம்?" என்று பலர் கேட்கிறார்கள். நெல் விளையும் ஊரில் அரிசி மலிவாக இருக்கும் என்பது நமக்குப் பழகிய நியாயம். எண்ணெய்க்கு அந்த நியாயம் செல்லாது. உலகச் சந்தை விலையை அடிப்படையாக வைத்துத்தான் கம்பெனிகள் விலை போடுகின்றன. கிணறு யார் ஊரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பனங்குடியில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் கொள்ளளவில் புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது முழுதாக ஓடினாலும், நமக்குக் குறைய வாய்ப்புள்ளது வண்டிச் சத்தத்தில் சில பைசாக்கள்தான்.

எல்லைக் கோடும் வரியும்

இனி ரூபாய் வித்தியாசத்துக்கு வருவோம். காரைக்கால் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறு பகுதி. பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954 நவம்பர் முதல் தேதி முடிந்தது. நிர்வாகம் புதுச்சேரியோடு சேர்ந்தது. அன்றைய எல்லைக் கோடுதான் இன்றும் வரிக் கோடாக நிற்கிறது. எங்கள் தகப்பனார் காலத்தில் காரைக்கால் என்றால் சீமைச் சாமான் என்று பேச்சு. இப்போது காரைக்கால் என்றால் பெட்ரோல் என்று பேச்சு.

பெட்ரோல், டீசல் மீது மத்திய அரசின் கலால் வரி நாடு முழுவதும் ஒன்றுதான். அதன் மேல் மாநிலம் போடும் மதிப்புக் கூட்டு வரிதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. கச்சா எண்ணெய் விலை சரிந்திருந்த 2020 மே மாதத்தில் தமிழ்நாடு தன் வரி முறையை மாற்றியது. அதுவரை வெறும் சதவீதமாக இருந்த வரி, சதவீதம் ஒரு பகுதி, லிட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்ற நிலையான பகுதி ஒன்று என இரண்டாகப் பிரிந்தது. பெட்ரோலுக்கு 15 சதவீதத்தோடு 13 ரூபாய் 2 பைசா. டீசலுக்கு 11 சதவீதத்தோடு 9 ரூபாய் 62 பைசா. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மட்டும் விலையில் 3 ரூபாய் குறையும்படி 13 சதவீதம், 11 ரூபாய் 52 பைசா என்று ஆக்கினார்கள்.

இந்த நிலையான பகுதியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அடிப்படை விலை இறங்கினால் சதவீத வரியும் இறங்கும். நிலையான பகுதி இறங்காது. அடிப்படை விலை ஏறும்போது அது ஏறாது என்பதும் உண்மைதான். புதுச்சேரிப் பக்கத்தில் சதவீத வரி மட்டும். அதிலும் ஒரு விசேஷம் உண்டு. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற நான்கு பகுதிகளுக்கும் ஒரே விகிதம் கிடையாது. மாஹே கேரளத்தை ஒட்டியது. ஏனாம் ஆந்திரத்தை ஒட்டியது. எந்தக் கடையும் எதிர்க் கடை விலையைப் பார்த்துத்தானே விலை வைக்கும்?

2021 நவம்பரில், தீபாவளிக்கு முதல் நாள், மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. அதோடு புதுச்சேரி அரசும் தன் வரியில் இரண்டுக்கும் 7 ரூபாய் வீதம் குறைத்தது. தமிழ்நாடு ஆகஸ்டிலேயே 3 ரூபாய் குறைத்திருந்ததால் அப்போது மேலும் குறைக்கவில்லை. ஒரே இரவில் வாஞ்சூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. 2025 ஜனவரி முதல் தேதி புதுச்சேரி தன் வரியைச் சற்று உயர்த்தி, காரைக்காலில் பெட்ரோலுக்குச் சுமார் 17 சதவீதமாகவும், டீசலுக்கு 11 சதவீதத்துக்குச் சற்று மேலாகவும் ஆக்கியது. பள்ளம் ஓரளவு மேடானது. மூடிவிடவில்லை.

இதில் யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. சிறிய பகுதியான காரைக்கால், வரியைக் குறைத்து வைத்தால் அடுத்த ஊர் வண்டிகளும் வந்து போடும், விற்பனை பெருகும், குறைந்த வரியிலும் வருமானம் கிடைக்கும். குறைந்த லாபம், நிறைந்த விற்பனை என்று நாம் கடைப்பிடிப்பதுதான் இது. பெரிய மாநிலமான தமிழ்நாட்டுக்கு அந்த வழி இல்லை. எல்லையோரத்தில் சில பங்க்குகளின் விற்பனையைக் காப்பாற்ற மாநிலம் முழுவதும் வரியைக் குறைத்தால் கஜானாவில் பெரிய துண்டு விழும். நடுவில் அவதிப்படுபவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் பங்க் வைத்திருப்பவர்களும், அந்தச் சாலையில் கடை வைத்திருக்கும் நம்மவர்களும்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் உள்ள நாகூர், காரைக்கால் குடும்பங்களுக்கு இது புதிதாக இருக்காது. சிங்கப்பூரில் பெட்ரோல் வரி அதிகம். பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் போனால் மலிவு. அதனால் சிங்கப்பூர் அரசு 1989இல், எல்லை தாண்டும் உள்ளூர்க் கார்களின் டாங்க்கில் பாதியாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 1991இல் அதை முக்கால் டாங்க் ஆக்கியது. மலேசியாவும் தன் மானியப் பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்குப் போடக் கூடாது என்று தடுத்தது. அவை இரண்டு நாடுகள், சோதனைச் சாவடி உண்டு. நமக்கோ ஒரே நாடு, ஒரே சாலை. இங்கே அப்படித் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

ஜி.எஸ்.டி.க்கு வெளியே

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது நம் கடைச் சரக்கெல்லாம் ஒரே வரிக்குள் வந்துவிட்டது. பெட்ரோலும் டீசலும் வெளியே நின்றுவிட்டன. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இதைப் பேசி, அப்போதைக்குச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. மாநிலங்கள் சொந்தமாக விகிதம் வைத்துக்கொள்ளக்கூடிய பெரிய வரிகளில் இதுவும் மதுவும் முக்கியமானவை. அதை விட்டுக்கொடுக்க அவை தயங்குவதில் ஆச்சரியமில்லை.

இதன் விளைவு நமக்கு இரண்டு. ஒன்று, டீசலில் கட்டிய வரியை நாம் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. அது சரக்கின் அடக்க விலையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாவதுதான் நன்னிலத்துத் தம்பி கவனிக்க வேண்டியது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் காரைக்காலில் என்ன வரியோ அதே வரிதான் நன்னிலத்திலும். பெட்ரோல் அங்கே மலிவு என்பதால் பருப்பும் மலிவு என்று ஜனங்கள் நினைப்பது வெறும் பழக்க தோஷம்.

எங்கள் கடையில் நடந்த தவறு

மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் முன் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், திருவாரூருக்குச் சரக்கு கொண்டுபோகும் எங்கள் குட்டியானை வண்டியை, வாரம் ஒரு முறை இறக்கியபின் காரைக்கால் போய் டீசல் நிரப்பி வரச் சொன்னோம். லிட்டருக்கு ஏறக்குறைய 7 ரூபாய் மிச்சம். 25 லிட்டர் போட்டால் 175 ரூபாய். பேரேட்டில் மிச்சம் என்று எழுதி மகிழ்ந்தோம்.

மூன்று மாதம் கழித்து வண்டியின் கிலோ மீட்டர் கணக்கைப் பார்த்தபோதுதான் விழித்தோம். திருவாரூரிலிருந்து காரைக்கால் போய்த் திரும்ப 70 கிலோ மீட்டர். லிட்டருக்கு 15 ஓடும் வண்டிக்கு அது நாலே முக்கால் லிட்டர் டீசல் குடிக்கும். காரைக்கால் விலையான 87 ரூபாயிலேயே 400 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 175 மிச்சம் பிடிக்க 406 செலவு. ஒவ்வொரு வாரமும் 231 ரூபாய் நஷ்டம். 12 வாரத்தில் 2,772 ரூபாய். வண்டி பொழுது சாய்ந்து திரும்பியதால் மறுநாள் லோடு ஏற்ற ஆள் காத்திருந்த கூலி தனி. டிரைவர் மேல் தப்பில்லை. போகச் சொன்னது நாங்கள்.

பலகை விலையை மட்டும் பார்த்தோம், தூரத்தைப் பார்க்கவில்லை. எவ்வளவு தூரம் வரை போனால் கட்டும்? லிட்டருக்கு டீசலில் 7 ரூபாய், பெட்ரோலில் 6 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

ஸ்கூட்டர்: 4 லிட்டர் போட்டால் மிச்சம் 24 ரூபாய். 96 ரூபாய் விலையில் அது கால் லிட்டர். லிட்டருக்கு 45 ஓடினால், போக வர 11 கிலோ மீட்டருக்குள் இருந்தால்தான் லாபம்.

குட்டியானை: 25 லிட்டர் போட்டால், போக வர 30 கிலோ மீட்டர் வரை.

லாரி: 200 லிட்டர் போட்டால் மிச்சம் 1,400 ரூபாய். லிட்டருக்கு நாலரை ஓடினால், போக வர 72 கிலோ மீட்டர் வரை.

வேறு வேலையாக அந்த வழியே போகும் வண்டி நிரப்பிக்கொண்டால் முழு லாபம். அதற்கென்றே போவதானால் மேலே சொன்ன தூரம்தான் எல்லை. விலை மாறும்போது அன்றைய பலகை விலையைப் போட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். டின்னிலும் பீப்பாயிலும் பிடித்து வந்து இங்கே விற்பது சட்ட விரோதம், தீ அபாயமும் உண்டு. நம்மவர் யாரும் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க வேண்டாம்.

சிப்பத்துக்கு எவ்வளவு?

டீசல் ஏறிவிட்டது என்று சொல்லி லாரிக்காரர்கள் வாடகை கேட்கும்போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 26 கிலோ அரிசிச் சிப்பம் 400 ஏற்றிய லாரி போக வர 170 கிலோ மீட்டர். சுமார் 38 லிட்டர் டீசல். டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 76 ரூபாய். சிப்பத்துக்கு 19 பைசா. ஒரு முறை எங்களிடம் லாரிக்காரர் ஒருவர் அந்த 2 ரூபாயைக் காட்டிச் சிப்பத்துக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டார். துண்டுச் சீட்டில் இந்தக் கணக்கைப் போட்டு அவர் முன் வைத்தோம். அவரும் நியாயஸ்தர், 30 பைசாவுக்கு ஒப்புக்கொண்டார். டயர், இன்ஷூரன்ஸ், சுங்கச் சாவடி என்று அவருக்கும் செலவு ஏறுகிறது. அதைத் தனியாகச் சொல்லிக் கேட்டால் கொடுப்பது நம் கடமை. டீசல் பேரில் கேட்டால் டீசல் கணக்குப்படிதான் கொடுக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஓடும் லாரிகள் பெரும்பாலும் அங்கேயே நிரப்பிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட லாரிக்குத் தஞ்சாவூர் டீசல் விலையை வைத்து வாடகை பேச வேண்டியதில்லை. "எங்கே டீசல் போடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பேசுங்கள்.

இதே கணக்கில், காரைக்கால் டீசல் போட்ட லாரிக்கும் நம் டீசல் போட்ட லாரிக்கும் வித்தியாசம் சிப்பத்துக்குச் சுமார் 66 பைசா. கிலோவுக்குப் பார்த்தால் இரண்டரைப் பைசா. ஆக, டீசல் விலையால் காரைக்கால் கடைக்காரர் நம்மை விட அரிசியை மலிவாக விற்றுவிட முடியாது. அவருக்குக் கிடைப்பது பெட்ரோலுக்காக வரும் கூட்டம் மட்டும்தான்.

நன்னிலத்துத் தம்பிக்கு

அடுத்த முறை அவர் வந்தபோது இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தோம். ஸ்கூட்டரில் 25 கிலோ மீட்டர் போய்ப் பெட்ரோல் போடுபவருக்கு, போக வர 50 கிலோ மீட்டருக்கு நூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல் செலவு, மிச்சம் 24 ரூபாய். இதை வாடிக்கையாளரிடம் சண்டையாகச் சொல்லாமல், பேச்சு வாக்கில் சொன்னால் போதும் என்றோம். அதோடு, காரைக்காலில் ஜனங்கள் எதெதை வாங்கி வருகிறார்கள் என்று பார்த்து, அந்த நாலைந்து சாமானின் விலையை மட்டும் கடை வாசலில் கரும்பலகையில் எழுதி வையுங்கள் என்றோம். அவற்றுக்கு எங்கள் பங்கிலும் கொஞ்சம் லாபத்தைக் குறைத்துக் கொடுத்தோம். சில்லரைக்காரர் கடை நின்றால்தானே மொத்தக்காரர் கடை நிற்கும்?

"எல்லாரும் திரும்பி வந்துட்டாங்கன்னு சொல்ல மாட்டேன் ஐயா. காரைக்கால்ல வேலை பார்க்கிறவங்க அங்கேதான் வாங்குவாங்க. மத்தவங்க பலகையைப் படிச்சுட்டு உள்ளே வர்றாங்க" என்று பிறகு போனில் சொன்னார். வரிக் கோட்டை நாம் அழிக்க முடியாது. கணக்கை நாம் சரியாக வைத்துக்கொள்ளலாம். வண்டிக்கு ஒரு நோட்டுப் போட்டு, கிலோ மீட்டரையும் லிட்டரையும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். எங்கள் 2,772 ரூபாயை நீங்கள் மறுபடியும் செலவு செய்ய வேண்டாம்.